விரல் இல்லாத கை

கதை எழுதுகிறவனை எதற்கெல்லாம் அழைப்பார்கள் என்பதற்கு ஒரு வரம்பே கிடையாது. குழந்தைக்குப் பெயர் வைக்க அழைப்பார்கள். கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்க்க அழைப்பார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வர வேண்டிய பிரமுகர் வராமற் போனால், கடைசி நேரத்தில் ஓடி வந்து அழைப்பார்கள். இவற்றுக்கெல்லாம் நான் போயிருக்கிறேன். ஆனால் 2024-ஆம் வருஷம் மே மாதக் கடைசியில் என் அண்ணா மகன் கோயமுத்தூரிலிருந்து போன் செய்து, "சித்தப்பா, பட்டறைக்கு ஒரு கை வாங்கணுமுங்க. நீங்க வந்து பாத்துச் சொல்லணும்" என்றபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கையா? யாருடைய கை?" என்றேன்.

"ரோபோ கைங்க, சித்தப்பா."

யந்திரங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது அத்தனையையும் ஒரு தபால் கார்டில் எழுதி, விலாசத்துக்கும் தாராளமாக இடம் விடலாம். வீட்டில் மிக்ஸி நின்றுபோனால்கூட என் மனைவி என்னைக் கூப்பிடுவதில்லை. பையனுக்கும் இது தெரியும். "நான் எதுக்குடா?" என்று கேட்டேன். "அப்பா வேண்டாங்கறாருங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு" என்றான்.

அரை மணி நேரம் கழித்து அண்ணாவே கூப்பிட்டார். "தம்பி, பையன் என்னமோ கை வாங்கறேன்னு குதிக்கறான். நீ படிச்சவன். ஒரு எட்டு வந்து அவனுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லு. நீ சொன்னாக் கேப்பான்."

ஆக இருவருமே என்னைத் தம் கட்சி என்று நம்பினார்கள். எழுத்தாளனுக்கு இது புதிதல்ல. அண்ணா சொன்ன 'படிச்சவன்' என்ற வார்த்தைதான் உறுத்திற்று. நான் கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் பாதியில் கதை எழுத வந்துவிட்டவன். அண்ணா அந்த இரண்டு வருஷமும் படிக்காதவர். எங்கள் தகப்பனார் காலமானபோது அவருக்கு வயது 17, எனக்கு 4. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அவர் ஒரு லேத்துப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். நான் படித்ததும், படிப்பை விட்டதும், இரண்டுமே அந்த லேத்து கொடுத்த கூலியில்தான்.

ரயிலில் படிப்பதற்கு ரோபோவைப் பற்றிய புத்தகங்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டேன். புரட்டிய முதல் பக்கத்திலேயே மனசு கொஞ்சம் தைரியப்பட்டது. 'ரோபோ' என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தது எந்த இஞ்சினீயரும் இல்லை, ஒரு நாடகாசிரியர். செக்கோஸ்லோவாகியாவைச் சேர்ந்த காரெல் சாப்பெக், 1920-இல் வெளியான தம் நாடகத்தில் செயற்கை மனிதர்களை உண்டாக்கும் ஒரு தொழிற்சாலையைக் கற்பனை செய்தார். அந்த மனிதர்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் தம் அண்ணா ஜோசப்பிடம் போய்க் கேட்டாராம். ஜோசப் ஓவியர். வாயில் தூரிகையைக் கவ்விக்கொண்டு படம் எழுதிக்கொண்டிருந்தவர், திரும்பிக்கூடப் பார்க்காமல், "ரோபோ என்று வையேன்" என்று முணுமுணுத்தாராம். அவர்கள் பாஷையில் 'ரோபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. பண்ணையாருக்குக் குடியானவன் செய்து தீர வேண்டிய வெட்டி வேலை.

சொல்லைக் கொடுத்தது அண்ணா, பெயர் வாங்கியது தம்பி. இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஈரோடு வரும்வரை மறுபடி திறக்கவில்லை.

*

அண்ணாவின் பட்டறை கணபதியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. 1998-இல் பழைய லேத்து ஒன்றை வாங்கித் தொடங்கியது. இன்று நான்கு ஸி.என்.ஸி. லேத்துகள் ஓடுகின்றன. பம்புக்கும் வால்வுக்கும் வேண்டிய உருப்படிகளைப் பெரிய கம்பெனிகளுக்குக் கடைந்து கொடுக்கும் ஜாப் வேலை. நம் ஊர்ச் சமையற்காரரிடம் ஒரு நாள் 40 பேருக்குச் சாப்பாடு, மறுநாள் 15 பேருக்குப் பலகாரம், அதற்கடுத்த நாள் 200 பேருக்கு விருந்து என்று சொல்வதுபோல, அங்கே வரும் ஆர்டர்களும் தினுசு தினுசாக இருக்கும். இது 24 பீஸ், அது 80 பீஸ். ஒன்று தட்டையாக இருக்கும். ஒன்று கூஜாவைப்போல நீண்டிருக்கும். அண்ணா கணக்கில் அப்படி 34 தினுசுகள்.

"மோட்டார் கார் பண்றவனுக்கு ரோபோ சரி. அவனுக்கு விடிஞ்சாப் போனா ஒரே வேலை. எனக்கு ஒரு நாளைக்கு மூணு வேலை மாறுது. எனக்கு எதுக்கு?" என்றார் அண்ணா.

இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. உலகத்தின் முதல் தொழிற்சாலை ரோபோ 1961-இல் அமெரிக்காவில் நியூஜெர்ஸியில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்குள் நுழைந்தது. ஜார்ஜ் டெவல் என்பவர் கண்டுபிடித்து, ஜோசப் எங்கெல்பெர்கர் என்பவர் வியாபாரமாக்கிய 'யூனிமேட்' அது. எடை ஏறக்குறைய 1,800 கிலோ. அச்சிலிருந்து சுடச்சுட வரும் வார்ப்பு உருப்படிகளை எடுத்து வைப்பதுதான் உத்தியோகம். மனிதன் செய்ய அஞ்சும் வேலை, மாறாத வேலை. அப்படிப்பட்ட வேலைக்கென்று பிறந்த ஜாதியை நம் சந்துக்குள் கொண்டு வந்து என்ன செய்வது?

பையன் விடவில்லை. அவனும் படித்திருந்தான். "ஸ்வீடன்ல ஆஸியான்னு ஒரு கம்பெனிங்க, சித்தப்பா. அவங்க மின்சார ரோபோவை 1974-ல மொதமொதல்ல வாங்கினது ஒரு சின்னப் பட்டறைங்க. கெனார்ப்ன்னு ஒரு கிராமம். வளைச்ச எவர்சில்வர் குழாயைப் பாலிஷ் பண்றதுக்கு வாங்கினாங்க. டென்மார்க்ல 2008-ல யூனிவர்ஸல் ரோபோட்ஸ்காரங்க மொத கை வித்ததும் நம்ம மாதிரி ஸி.என்.ஸி.யில பீஸ் மாட்றதுக்குத்தானுங்க. எடை பதினெட்டுக் கிலோ சொச்சம். ரெண்டு பேர் தூக்கி வேற மெஷினுக்கு மாத்திடலாம்."

"அந்தக் கிராமத்துக்காரன் ஒரே குழாயைத்தானே பாலிஷ் போட்டிருப்பான்?" என்றார் அண்ணா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

*

ஜூன் மாதம் ஊரில் யந்திரப் பொருட்காட்சி நடந்தது. மூவரும் போனோம். எங்களோடு வேலுச்சாமியும் வந்தார். அண்ணாவிடம் 20 வருஷமாக இருப்பவர். இரண்டாவது லேத்து அவர் பொறுப்பு. 'கை' வந்தால் முதலில் பாதிக்கப்படப் போகிறவர் அவர்தான் என்பது நால்வருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசவில்லை. வேலுச்சாமி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணோடு போகும் தகப்பனாரைப்போல் பின்னால் வந்தார்.

ஒரு கடையில் மஞ்சள் நிறக் கை ஒன்று மரக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தது. அடுக்கும், கலைக்கும், மறுபடி அடுக்கும். வேகமென்றால் அப்படி ஒரு வேகம். கழுத்துப் பட்டை கட்டிய இளைஞர் ஒருவர் மூச்சு விடாமல் விவரித்தார். ஆறு மூட்டுகள். எத்தனை தடவை போனாலும் அதே இடத்துக்கு, ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குக்குள், திரும்பி வரும். அண்ணா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த ஜாப் முடிஞ்சு அடுத்த ஜாப் மாத்தறதுக்கு எவ்வளவு நேரமாகுமுங்க?"

"அஞ்சு செகண்ட் சார். புரோகிராமைத் தேர்ந்தெடுத்து பட்டனைத் தட்டினாப் போதும்."

"புரோகிராம் இல்லீங்க. விரலு."

இளைஞர் திகைத்தார். அப்போதுதான் நானும் கவனித்தேன். அந்தக் கைக்கு விரலே கிடையாது. மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் மாட்டியிருந்த இடுக்கி, அந்த மரக் கட்டைக்கென்றே செய்யப்பட்டது. ரோபோ விற்கிறவர்கள் கையைத்தான் விற்கிறார்கள். எதைப் பிடிக்க வேண்டும் என்பது வாங்குகிறவன் சமாசாரமாகையால், விரலை அவன்தான் தனியாகத் தேட வேண்டும். அந்த விரல், பீஸ்களை வரிசையாக வைக்கும் தட்டு, மெஷினின் கதவைத் திறக்கும் ஏற்பாடு, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், கைக்குப் பேசிய விலை கல்யாணத்தில் தாலிக்கு மட்டும் பேசிய விலை மாதிரிதான்.

"விரலை மாத்தணும், தட்டை மாத்தணும், பீஸ் சரியா உக்காருதான்னு பாக்கணும். அதுக்கு எவ்வளவு நேரம்?" என்று அண்ணா மறுபடி கேட்டார். இளைஞர் தம் மேலதிகாரியை அழைக்கப் போனார். நாங்கள் காப்பி சாப்பிடப் போனோம்.

*

மறுநாள் காலை அண்ணா என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் கொடுத்தார். "நீ எழுதறவன்தானே? வேலுச்சாமி மெஷின் பக்கத்துல உக்காந்து, நடக்கறதை நடக்கறபடியே எழுது. சேத்தும் எழுதாதே, விட்டும் எழுதாதே."

என் இலக்கிய வாழ்க்கையில் இவ்வளவு கடினமான நிபந்தனையை எந்தப் பத்திரிகாசிரியரும் விதித்ததில்லை.

காலை 8 மணியிலிருந்து மாலை 5 வரை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினேன். வேலுச்சாமி கதவைத் திறப்பார். முடிந்த பீஸை எடுப்பார். காற்றுக் குழலால் துருவலை ஊதுவார். பீஸ் உட்காரும் இடத்தைக் கட்டை விரலால் ஒரு தடவை தடவுவார். புதிய பீஸை வைத்து இறுக்கி, கதவைச் சாத்திப் பச்சைப் பொத்தானை அமுக்குவார். இவ்வளவுக்கும் 25 விநாடி. அதன் பிறகு மெஷின் கடைவது 3 நிமிஷம் 10 விநாடி. அந்த நேரமெல்லாம் அவர் முந்தைய பீஸை அளந்து பார்ப்பார், பிசிறு எடுப்பார்.

சாயங்காலம் நோட்டைப் பார்த்துக் கூட்டினோம். 9 மணி நேரம் என்றால் 540 நிமிஷம். அதில் சாப்பாடும் டீயும் 60 நிமிஷம். ஒரு ஜாபிலிருந்து இன்னொன்றுக்கு மாறியது இரண்டு தடவை; 45-உம் 40-உம் ஆக 85 நிமிஷம். டிரில் எங்கே, கேஜ் எங்கே, காஸ்டிங் ஏன் இன்னும் வரவில்லை என்று தேடியதும் காத்ததும் 35 நிமிஷம். மொத்தம் 180. மூன்றில் ஒரு பங்கு நேரம் மெஷின் சும்மா நின்றிருக்கிறது.

பொருட்காட்சியில் பார்த்த கை என்னதான் வேகமாக ஓடினாலும், 25 விநாடியை 15 ஆக்கும். 100 பீஸுக்கு 1,000 விநாடி. அதாவது 17 நிமிஷம்கூட இல்லை. சாப்பாட்டு வேளையிலும் ஓடுமாகையால் அந்த 60 நிமிஷம் லாபம். ஆனால் ஜாப் மாறும்போதெல்லாம் கைக்கென்று ஒரு செட்டிங் வேண்டும். அது தடவைக்கு அரை மணி ஆனால் அந்த 60 நிமிஷமும் போயிற்று. லட்சக் கணக்கில் பணம் போட்டு 17 நிமிஷம் வாங்குவதா?

அண்ணா என்னைப் பார்த்துச் சிரித்தார். ஜயித்த சிரிப்பு. பையன் முகம் சுண்டிவிட்டது. ஆனால் அவன் புத்திசாலி. நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தான். "சித்தப்பா, அஞ்சு மணியோட நிறுத்திட்டீங்களே. அதுக்கப்பறம் என்ன நடந்துச்சுன்னு எழுதலை?"

"அதற்கப்புறம் என்ன? விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டோம்."

"அதைத்தானுங்க எழுதியிருக்கணும். 15 மணி நேரம் சும்மா நிக்குது."

அண்ணாவின் சிரிப்பு நின்றது. அவர் நியாயமான கணக்குக்குத் தலைவணங்குகிறவர். "ராத்திரியில யாரு பீஸ் எடுத்துக் குடுப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். தட்டில் 24 பீஸ் வைத்தால் ஒவ்வொன்றும் 215 விநாடி. 86 நிமிஷத்தில் தட்டுக் காலி. 60 பீஸ் பிடிக்கும் இரண்டடுக்கு வண்டி செய்தால் 3 மணி 35 நிமிஷம் ஓடும். நாங்கள் 5 மணிக்கு வீட்டுக்குப் போனாலும் அது 8.35 வரை வேலை செய்யும். கை எவ்வளவு வேகம் என்பதைவிட, தட்டு எவ்வளவு பெரிது, எவ்வளவு சீக்கிரம் மாற்றலாம் என்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியம் என்பது அன்றிரவு தீர்மானமாயிற்று.

*

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த காரியம். கை வாங்குவதை அண்ணா இரண்டு மாதம் தள்ளிப் போட்டார். "மொதல்ல இந்த 85 நிமிஷத்தைப் பாப்போம். இதைச் சரி பண்ணாம எதை வாங்கினாலும் அதுவும் நம்மகூடச் சேந்து நிக்கும்" என்றார்.

பையன் ஜப்பான்காரர் ஷிகியோ ஷிங்கோவின் கதையைச் சொன்னான். 1969-இல் டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றுக்கு அச்சு மாற்ற 4 மணி நேரம் ஆகிக்கொண்டிருந்ததாம். ஷிங்கோ முதலில் அதை 90 நிமிஷமாக்கினார். பிறகு 3 நிமிஷமாக்கினார். ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. மெஷின் ஓடும்போதே செய்யக்கூடியவற்றை, அதை நிறுத்தி வைத்துக்கொண்டு செய்யாதே என்பதுதான். அடுப்பை மூட்டிவிட்டு அரிசி களையப் போகாதே என்று நம் பாட்டிமார்கள் சொன்னதும் இதைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலுச்சாமியும் அண்ணாவும் 34 தினுசு பீஸ்களையும் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெண்கள் வரிசைப் பாத்திரங்களைப் பிரித்து வைப்பதுபோல, ஒரே பருமன் உள்ளவற்றை ஒன்றாகச் சேர்த்தார்கள். படத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பீஸ்கள், பிடிக்கிற இடத்தை மட்டும் பார்த்தால் சகோதரர்களாக இருந்தன. கடைசியில் 21 தினுசுகள் நான்கு குடும்பங்களாகச் சேர்ந்தன. நான்கு ஜோடி விரல் இருந்தால் அந்த 21-ஐயும் கை பிடித்துவிடும். மீதி 13 எதிலும் சேரவில்லை. "அதுங்க நம்ம கைக்கே இருக்கட்டுமுங்க" என்றார் வேலுச்சாமி. யாரும் மறுக்கவில்லை. எல்லா வேலையையும் செய்யக்கூடிய ரோபோவைத் தேடிக்கொண்டு போனால் கடைசியில் ஒன்றுமே வாங்க முடியாது என்று பின்னால் ஒரு அனுபவஸ்தரும் சொன்னார்.

பிறகுதான் எந்தக் கை என்ற பேச்சு வந்தது. நான்கு மூட்டுள்ள 'ஸ்காரா' என்ற ஜாதி ஒன்று உண்டு. ஜப்பானியப் பேராசிரியர் ஹிரோஷி மகினோ 1978-இல் உருவாக்கியது. மேஜைமேல் சின்னச் சாமான்களை மேலிருந்து கீழே பொருத்த அதற்கு இணை இல்லை. ஆனால் லேத்தின் கதவுக்குள் நுழைந்து, பீஸைப் பக்கவாட்டில் திருப்பிச் சக்கில் வைக்க ஆறு மூட்டுதான் வேண்டும். சரி, எவ்வளவு எடை தூக்க வேண்டும்? பீஸ் 3.2 கிலோ. "அப்போ 5 கிலோ தூக்கறது போதும்" என்றார் ஒரு விற்பனைக்காரர். பையன் விரலையும் நிறுத்தான். கதவு திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்க, ஒரு பிடியில் கடைந்த பீஸ், மறு பிடியில் புதிய பீஸ் என்று இரண்டையும் ஒரே சமயத்தில் வைத்திருக்க வேண்டும். இரண்டு பீஸும் ஏறக்குறைய 6 கிலோ, பிடி 2 கிலோ, ஆக 8. இடுப்பில் இருக்கும்போது லேசாக இருக்கிற குடம், கையை நீட்டிப் பிடித்தால் கனப்பதுபோல, மணிக்கட்டிலிருந்து தள்ளிப் போகப் போகப் பாரம் கூடும். ஆகவே 12 கிலோ.

மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு என்ற விஷயத்திலும் எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வருவது வேறு. சரியான இடத்துக்கு வருவது வேறு. என் சிநேகிதர் ஒருவர் எல்லாக் கல்யாணங்களுக்கும் முகூர்த்தம் முடிந்து சரியாக ஒரு மணி நேரம் கழித்து வருவார். ஒரு நிமிஷம் முந்தமாட்டார், பிந்தமாட்டார். ரோபோவின் பெருமை அந்தச் சிநேகிதரின் பெருமை. சரியான இடம் எது என்பதை மனிதன்தான் காட்டிக் கொடுக்க வேண்டும்.

விலை மலிவு என்பதை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கும் ஒரு கதை கிடைத்தது. 2012-இல் அமெரிக்காவில் ரீதிங்க் ரோபோட்டிக்ஸ் என்ற கம்பெனி 'பாக்ஸ்டர்' என்று ஒரு ரோபோவைக் கொண்டு வந்தது. இரண்டு கைகள், திரையில் கண்கள்; கையைப் பிடித்து நடத்தியே வேலை கற்றுக் கொடுக்கலாம். சின்னப் பட்டறைக்காரனுக்கென்றே செய்தது. ஆனால் ஆளுக்கு அடிபடக் கூடாதென்று மூட்டுகளில் ஸ்பிரிங் வைத்திருந்தபடியால் நுணுக்கமாக வைக்க வராது. 2018-இல் கம்பெனியையே மூடிவிட்டார்கள். இதைக் கேட்ட அண்ணா, "நாளைக்கு ரிப்பேர்னா அரை நாள்ல வர்றவன்கிட்டத்தான் வாங்கணும்" என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டார்.

*

கடைசிக் கேள்வி வேலி. பழைய ஜாதி ரோபோவைக் கூண்டுக்குள்தான் வைக்க வேண்டும்; உள்ளே ஆள் போனால் நின்றுவிட வேண்டும். புதிய ஜாதி ஒன்று, ஆள்மேல் பட்டதுமே நின்றுவிடும். கூண்டு வேண்டாம், இடம் மிச்சம், தூக்கிக்கொண்டு வேறு மெஷினுக்குப் போகலாம் என்றார்கள். 2016-இல் வெளியான சர்வதேச வழிகாட்டி ஒன்று, உடம்பில் 29 இடங்களைக் குறித்து, எந்த இடம் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று பட்டியலே போட்டிருக்கிறது. விற்பனைக்காரர் தம் கையைக் குறுக்கே நீட்டிக் காட்டினார். கை வந்து மெதுவாக முட்டி நின்றது. எல்லோரும் கை தட்டினோம், அண்ணாவைத் தவிர.

அவர் பையிலிருந்து கடைந்த பீஸ் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். விளிம்பு கத்திபோல் இருந்தது. "அது பிடிச்சிருக்கறது இதுங்க. அது நின்னுடும். இது?" என்றார்.

விற்பனைக்காரர் நல்லவர். ஒப்புக்கொண்டார். கை மட்டும் சாதுவாக இருந்தால் போதாது. அது பிடித்திருப்பதையும் பார்க்க வேண்டும். ஆள் கிட்டே வந்தால் வேகம் குறைந்து, இன்னும் கிட்டே வந்தால் நிற்கும்படி, தரையோரம் ஒளியால் பார்க்கும் கருவி ஒன்று வைக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார். "இவ்வளவு யோசிக்கறீங்களே சார், அனுபவமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அண்ணா தம் இடது கையைத் தூக்கிக் காட்டினார். ஆள்காட்டி விரலில் முதல் கணு கிடையாது. எனக்கு அது பழகிப்போன காட்சி. பஸ் கதவில் நசுங்கிவிட்டது என்று எங்கள் தாயாரிடம் அவர் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

"சக்கு நின்னுடுச்சுன்னு நெனச்சுக் கையை விட்டேனுங்க. நிக்கலை. மூணாவது ஷிப்டு. கண்ணு சொருகிடுச்சு" என்றார்.

"எதுக்குப்பா மூணு ஷிப்டு பாத்தீங்க?" என்று பையன் கேட்டான்.

"அப்ப வேண்டியிருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவர் பீஸைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். என் பக்கம் திரும்பவில்லை. அது 1994-ஆம் வருஷம். ஜூன் மாதத்தில் எனக்குக் கல்லூரியில் பணம் கட்ட வேண்டியிருந்தது. எப்படிக் கட்டினார் என்று அன்று நான் கேட்கவில்லை. 30 வருஷம் கேட்கவில்லை.

*

டிசம்பரில் கை வந்தது. தரையில் பதித்த ஆணிகளில் உட்காரும் வண்டிமேல் நின்றது. இரண்டு லேத்துகளுக்கு மாற்றி மாற்றி நகர்த்தலாம். அதற்குள் ஜாப் மாற்றும் நேரம் 45 நிமிஷத்திலிருந்து 20-க்கு வந்திருந்தது. கைக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் வேலுச்சாமி. அதன் மணிக்கட்டைப் பிடித்து, குழந்தைக்கு 'அ' எழுதப் பழக்குவதுபோல், இங்கே வா, இப்படித் திரும்பு என்று நடத்தினார். அது அப்படியே நினைவில் வைத்துக்கொண்டது.

முதல் இரவு 60 பீஸ் வைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். காலையில் வந்து பார்த்தால், 49-ஆவது பீஸிலிருந்து அத்தனையும் கோணல். உட்காரும் இடத்தில் ஒரு துணுக்குத் துருவல் ஒட்டிக்கொண்டிருந்தது. கை அதன்மேலேயே 12 பீஸையும் ஒரே மாதிரி, ஒரு மயிரிழை பிசகாமல், தப்பாக வைத்திருந்தது. என் கல்யாணச் சிநேகிதரின் ஞாபகம் வந்தது.

வேலுச்சாமி சிரிக்கவில்லை. "நானா இருந்தா ஒரு பீஸ்லயே கண்டுபிடிச்சிருப்பேனுங்க" என்றார். அவர் கட்டை விரலால் தடவுவாரே, அதை நான் நோட்டில் எழுதியிருந்தேன். யாரும் அதை ஒரு வேலையாக எண்ணவில்லை. அன்றைக்கே பிடியின் ஓரத்தில் காற்றுக் குழல் ஒன்று வைத்தார்கள். பீஸ் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கும் ஏற்பாடும் செய்தார்கள். அந்தக் கட்டை விரலுக்கு ஆன செலவு, பட்டியலில் எங்கும் இல்லாத செலவு.

வேலுச்சாமிக்கு வேலை போகவில்லை. "அவருக்கு வேலை இல்லேன்னா கையும் வேண்டாம்" என்று அண்ணா முதலிலேயே சொல்லியிருந்தார். இப்போது இரண்டு மெஷின்கள் அவர் பொறுப்பு; சம்பளமும் கூடியிருக்கிறது. ஆனால் எல்லாம் சுபம் என்று இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது ஷிப்டுக்கு ஒரு பையனை வைக்கலாம் என்று முன்பு பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையன் வரவே இல்லை. அவன் யாரோ, எந்த ஊரோ, அவனை நம்பி எந்தத் தம்பி படிக்கக் காத்திருந்தானோ! வராதவனுக்கு முகம் கிடையாது. ஆகவே அவனைப் பற்றி வருத்தப்படவும் யாரும் இல்லை. கதை எழுதுகிறவனாவது அவனை ஒரு வரியில் குறித்து வைக்க வேண்டும் என்று தோன்றியது.

2025 பொங்கலுக்குப் போயிருந்தபோது அண்ணா விரல் செய்துகொண்டிருந்தார். கைக்கு வேண்டிய நான்கு ஜோடி விரல்களையும் அவரே பட்டறையில் செய்கிறார். பீஸில் கீறல் விழாமல் இருக்க, முனையில் மிருதுவான நைலான். அது தேய்ந்துபோகும், அதனால் ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி கூடுதலாகச் செய்து மேஜை இழுப்பறையில் வைத்திருந்தார். இழுப்பறையைத் திறந்து எனக்குக் காட்டினார். வரிசையாக, எண்ணெய்த் தாளில் சுற்றி, எட்டு விரல்கள்.

"இதுக்குப் போனா வேற மாட்டிக்கலாம், தம்பி" என்றார்.

இழுப்பறையைச் சாத்திவிட்டு, "வா, பொங்கல் ஆறிடும். உங்கண்ணி காத்திட்டிருப்பா" என்று விளக்கை அணைத்தார். பின்னால் இருட்டில் கை தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.